வாய்விட்டு யோசியுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். நான் காரிமங்கலத்துக்காரன். பெங்களூருவில் ஒரு பெரிய மென்பொருள் நிறுவனத்தில் 16 வருடம் வேலை பார்த்தேன். அதில் பல வருடம் இன்டர்வியூ எடுக்கும் பொறுப்பும் எனக்கு இருந்தது. அங்கே பார்த்த ஒன்றை நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

பாலக்கோடு பக்கத்துத் தம்பி ஒருவர் வந்திருந்தார். விடியற்காலையில் பஸ் ஏறி, ஓசூரில் மாறி வந்தவர். நான் கேட்டது சின்னக் கேள்விதான். பள்ளிக்கூடப் பிரேயரை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வரிசை. இரண்டிலும் குட்டையான பிள்ளை முன்னால், நெட்டையான பிள்ளை பின்னால். இந்த இரண்டையும் உயரம் மாறாமல் ஒரே வரிசையாக்க வேண்டும். எல்லோரையும் கலைத்து மறுபடி நிறுத்த வேண்டியதில்லை. முன்னால் நிற்கும் இருவரில் யார் குட்டையோ அவரை அனுப்பு. அப்புறம் மறுபடி முன்னால் நிற்கும் இருவரைப் பார். அவ்வளவுதான். பிள்ளைகளுக்குப் பதில் எண்களை வைத்துக் கேட்டேன்.

தம்பி தலையைக் குனிந்துகொண்டார். பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார். இருபது நிமிடம் ஒரு வார்த்தை இல்லை. பாதி எழுதி அடித்தார். நேரம் முடிந்தது.

லிஃப்ட் வரை கூடவே போனேன். அங்கே நின்றுகொண்டு, தமிழில், இரண்டே நிமிடத்தில் முழுவதையும் சொன்னார்! முதலில் என்ன நினைத்தார், அது ஏன் சரிப்படாது என்பது உட்பட. "உள்ளேயே சொல்லியிருக்கலாமே தம்பி?" என்றேன். "தப்பா இருந்தா என்ன பண்றதுன்னு பயந்துட்டேன் சார்" என்றார்.

அவர் சொன்னதை என் குறிப்பில் சேர்த்தேன். அன்று அவரை இன்டர்வியூ எடுத்த மற்ற மூன்று பேரிடமும் அவர் இதே மௌனம்தான். அவர்களுக்கு எழுத எதுவும் இல்லை. வேலை கிடைக்கவில்லை. இன்றும் அது என் மனதில் கிடக்கிறது.

இதைக் கவனியுங்கள். கூகுளில் பல வருடங்களாகக் கேள்வி கேட்டவர் தனியாக முடிவெடுத்ததில்லை. உங்களைப் பார்த்தேயிராத ஒரு குழு அந்தக் குறிப்புகளைப் படித்துதான் முடிவு செய்தது. அமேசானில் வேறு பிரிவைச் சேர்ந்த ஒருவரும் இன்டர்வியூவில் உட்காருவது வழக்கம். விடுகதை மாதிரிக் கேள்விகளால் ஒரு பயனும் இல்லை என்று கூகுளின் மனிதவளத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக் 2013லேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். ஆகவே பளிச்சென்று விடை வர வேண்டியதில்லை. நீங்கள் யோசிப்பது அவர்கள் காதில் விழ வேண்டும். நீங்கள் பேசினால்தான் அவர்கள் எழுத முடியும்.

நம் வீடுகளில் "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்றே வளர்க்கிறோம். வகுப்பிலும் அப்படித்தான். இன்டர்வியூ அறையில் அதுவே காலை வாருகிறது. வீட்டில் அம்மாவை எதிரே உட்கார வைத்துக் கணக்கை உரக்கச் சொல்லிப் பழகுங்கள். முதலில் தமிழில், அப்புறம் ஆங்கிலத்தில். தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, "இப்படி முயன்று பார்க்கட்டுமா?" என்று கேளுங்கள்.

வேலைக்குள் போன பிறகும் இதே பழக்கம்தான். நல்ல குழுவில், சேவையை நடத்தும் கம்ப்யூட்டரான சர்வர் நின்றுபோனால் யார் செய்தார் என்று தேடமாட்டார்கள். எப்படி நடந்தது என்றுதான் எழுதி வைப்பார்கள். செய்தவரே முன்வந்து சொன்னால்தான் அது நடக்கும். இதை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள்.

சரி, சம்பளத்தைப் பற்றி ஒரே வரி: தொகையை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள், அந்தப் பதவிக்கு எவ்வளவிலிருந்து எவ்வளவு வரை என்று கேளுங்கள். வணக்கம்.