விடும் மூச்சும் மனம்விட்ட பேச்சும்

வணக்கம், நேயர்களே. நம் வேலூர்ப் பக்கம் யாரும் எடுத்த எடுப்பில் “மனசு சரியில்லை” என்று சொல்வதில்லை. நெஞ்சை அடைக்குது, தலை பாரமா இருக்கு, உடம்பு எரியுது என்றுதான் ஆரம்பிப்போம். ஈ.சி.ஜி. எடுத்து, ரத்தம் பார்த்து, ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொன்ன பிறகும் அடைப்பு அப்படியே இருக்கும். அந்தப் பரிசோதனைகளை முதலில் செய்துவிடுங்கள், அதைத் தவிர்த்துவிட்டு நேராக யோகாவுக்கு வரவேண்டாம். செய்த பிறகும் அடைப்பு போகவில்லை என்றால் எங்கே போவது? யோகா ஆசிரியரிடம் போனால் கண்ணை மூடச் சொல்கிறார். மனநல ஆலோசகரிடம் போனால் வாயைத் திறக்கச் சொல்கிறார். இரண்டையும் ஒரே மணி நேரத்துக்குள் எப்படிச் சேர்ப்பது என்பதுதான் இன்றைய பேச்சு.

பீடி சுற்றும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். குடியாத்தம் பக்கம் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். மடியில் முறம், முறத்தில் தூள், பக்கத்தில் நனைத்து வெட்டிய இலை. கழுத்து குனிந்தே இருக்கும், தோள் முன்னால் மடங்கியிருக்கும். ஆயிரம் எண்ணிக்கை முடியும்வரை வயிறு விரிய இடமே கிடையாது. மூச்சு மேல்நெஞ்சோடு நின்றுவிடும். அன்றைக்குக் குழுக் கடன் தவணை கட்டும் நாளாகவும் இருந்துவிட்டால், படபடப்பு எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியாது. இவரை உட்காரவைத்து “உங்கள் கவலை என்ன?” என்று கேட்டால் என்ன சொல்வார்? “ஒண்ணுமில்லீங்க” என்பார். உடம்பு முறுக்கியிருக்கும்போது பேச்சு வராது. அதனால் முதல் பத்து நிமிடம் உடம்புக்கு.

எழுந்து நிற்கட்டும். மூச்சை இழுத்தபடி கையை மேலே தூக்கி, விட்டபடி இறக்க வேண்டும். இப்படி ஆறு முறை. தோளைப் பின்பக்கமாக ஐந்து சுற்று. பிறகு நாற்காலியில், பாதம் தரையில் பதிய உட்கார்ந்து, மூக்கு வழியாக நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடட்டும். ஓர் எண்ணுக்கு ஒரு நொடி. ஆக ஒரு மூச்சுக்குப் பத்து நொடி, நிமிடத்துக்கு ஆறு மூச்சு. சும்மா இருக்கும்போது நாம் பன்னிரண்டுக்குக் குறையாமல் விடுகிறோம். ஐந்து நிமிடம் போதும்.

ஏன் விடுவதற்கு அதிக நேரம்? இழுக்கும்போது இதயம் கொஞ்சம் வேகமாகத் துடிக்கும், விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பின் வேலையால் நிதானமாகும். மணிக்கட்டில் நாடி பிடித்தால் பலருக்கு இது தெரியும். தமிழைப் பாருங்கள், நாம் “மூச்சு விடுகிறேன்” என்றுதானே சொல்கிறோம்? பெருமூச்சும் விடுவதுதான். மனசையும் “விட்டு”த்தான் பேசுகிறோம். ஆனால் வகுப்புக்குப் போனால் முதல் கட்டளை, “நல்லா ஆழமா இழு!” பதற்றக்காரர் அப்படியே இழுத்து இழுத்து விட்டால், ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடும். விரல் நுனி மதமதக்கும், உதடு மரத்துப்போகும், தலை சுற்றும். மாரடைப்பு என்று பயந்து இன்னும் வேகமாக இழுப்பார், இன்னும் மோசமாகும். அப்போது ஆழம் வேண்டாம், சின்ன மூச்சாக இழுத்து நிதானமாக விட வேண்டும். எண்ணவே முடியவில்லையா? தாலாட்டுக்கு ஆரம்பிப்பதுபோல “ம்ம்ம்” என்று முனகட்டும். பிராமரி என்பது இதுதான். முனகினால் விடும் மூச்சு தானாக நீளும்.

திருமூலர் பதினாறு இழுத்து, அறுபத்து நான்கு நிறுத்தி, முப்பத்திரண்டு விடச் சொல்கிறார். அதிலும் இழுப்பதைப்போல இரண்டு மடங்கு விடுவதற்கு! ஆனால் அந்த அறுபத்து நான்கு, பழகியவர்களுக்கான கணக்கு. பீதி வருகிறவருக்கு மூச்சை நிறுத்துவதே பீதியைக் கிளப்பிவிடும்.

இனிப் பேச்சு, முப்பத்தைந்து நாற்பது நிமிடம். கனமான விஷயம் வரும்போது ஆலோசகர் கேட்க வேண்டியது, “இப்போ உடம்பில் எங்கே தெரியுது? பத்துக்கு எத்தனை?” எட்டு என்றால் கதையை அங்கேயே நிறுத்திவிட்டுப் பாதத்தைத் தரையில் அழுத்தச் சொல்லி, அறையில் உள்ள ஐந்து பொருளுக்குப் பெயர் சொல்ல வைக்கலாம். ஐந்துக்கு இறங்கியதும் தொடரலாம். வன்முறையைக் கடந்து வந்தவர்களிடம் கண்ணை மூடச் சொல்ல வேண்டாம். அனுமதி கேட்காமல் தோளைத் தொட்டுச் சரிசெய்யவும் வேண்டாம்.

வீட்டுக்கு ஒரு தாள், நான்கு கட்டம். என்ன நடந்தது, உடம்பில் என்ன, மனதில் என்ன ஓடியது, என்ன செய்தேன். உதாரணத்துக்கு: மாமியார் பேசாமல் போனார். தொண்டை அடைத்தது. என்னை யாருக்கும் பிடிக்காது. சாப்பிடாமல் படுத்தேன். இதைப் பத்து மூச்சு விட்ட பிறகு எழுத வேண்டும், கொதிப்பில் எழுதினால் அது வழக்குப் பத்திரமாகிவிடும். அடுத்த சந்திப்பில் மூன்றாவது கட்டத்தைப் பிரித்துப் பார்ப்பார்கள். மாமியாருக்கு அன்று பல்வலியாகவும் இருந்திருக்கலாம் இல்லையா?

மனச்சோர்வில் இருப்பவருக்கு, மல்லாந்து அசையாமல் படுக்கும் சவாசனம் நீண்ட நேரம் சரிவராது. கண்ணை மூடிப் படுத்தால் பழைய நினைப்பே சுற்றிச் சுற்றி வரும். அவருக்குக் காலையில் எழுந்து அசைவதுதான் மருந்து. நான்கு சூரிய நமஸ்காரம், முடியாவிட்டால் தெருமுனைவரை நடை. அதையும் நேரம் போட்டுத் தாளில் எழுதிவைக்க வேண்டும். கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேக மூச்சுகள் பீதி உள்ளவருக்கும், அளவுமீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருமுனை நோய் உள்ளவருக்கும், கர்ப்பிணிகளுக்கும் வேண்டாம்.

பாகாயத்தில் சி.எம்.சி. மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தாரும் கூடத் தங்குவது நெடுநாள் வழக்கம். மூச்சுப் பயிற்சியையும் அப்படி வீட்டில் இன்னொருவருக்குச் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள், அவர் கூட உட்கார்ந்து எண்ணுவார்.

தூக்கத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். எனவே மருந்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். யோகா பழகுகிறோம் என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இருமுனை நோய்க்குக் கொடுக்கும் லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கவனியுங்கள், நம் அக்னி நட்சத்திர வெயிலில் வியர்க்க வியர்க்கப் பயிற்சி செய்தால் உடம்பில் நீர் வற்றி, ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். கை நடுக்கம், வாந்தி, தள்ளாட்டம் வந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள். கோடையில் விடியலிலேயே பயிற்சியை முடித்துக்கொள்ளுங்கள், தண்ணீர் குடியுங்கள், உப்பைத் திடீரென்று குறைக்காதீர்கள்.

சாகலாம் என்ற எண்ணம் வந்தால் மூச்சு எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம். டெலி மானஸ் என்று அரசின் மனநல உதவித் தொலைபேசி இருக்கிறது, கட்டணமில்லா எண், எந்த நேரமும் தமிழில் பேசலாம். பேனா எடுத்துக்கொண்டீர்களா? 14416. மறுபடியும், ஒன்று, நான்கு, நான்கு, ஒன்று, ஆறு. வணக்கம்.