மார்கழி வாசலுக்கு நூலில் ஒரு மல்லிகைச் சரம், உள்ளே விளக்கோடு

வணக்கம் மக்களே. மார்கழி பிறந்துவிட்டால் மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகை விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட வேண்டியதுதான், பனிக்காலத்தில் செடி மொட்டு விடுவதே குறைந்துவிடும், அதனால் வாசல் நிலையில் தொங்கவிட இந்த முறை குரோஷா ஊசியிலேயே மல்லிகைச் சரம் பின்னி, ஒவ்வொரு பூவுக்குள்ளும் ஒரு விளக்கு வைக்கலாம். பனி பெய்யும் ஊர்க்காரர்கள் இதையே ஆறு முனை பனி நட்சத்திரமாகப் பின்னுவார்கள், தண்ணீர் உறையும்போது அதன் மூலக்கூறுகள் அறுகோணமாக அடுக்கிக்கொள்வதால்தான் அந்த ஆறு. நட்சத்திரம் வேண்டாம், ஆறு மட்டும் போதும் நமக்கு. மல்லிகைக்கு ஆறு இதழ் நன்றாகவே பொருந்துகிறது.

முதலில் விளக்கு, அப்புறம்தான் நூல். இந்த வரிசையை மாற்றாதீர்கள். டவுன்ஹால் ரோட்டில் எலக்ட்ரிக் சாமான் கடைகளில் செப்புக் கம்பி எல்இடி சரம் கிடைக்கும், 5 மீட்டரில் 50 பல்பு, பல்புக்குப் பல்பு 10 சென்டிமீட்டர், மூன்று பென்சில் செல்லில் எரிவது அல்லது செல்போன் சார்ஜரில் சொருகுகிற 5 வோல்ட் வகை. நேராக 230 வோல்ட் பிளக்கில் சொருகும் சீரியல் செட்டை நூலுக்குள் விடவே கூடாது, அதிலும் பனி இறங்குகிற வாசலில். பழைய குண்டு பல்பு சரமும் வேண்டாம், சூடாகும். மஞ்சள் கலந்த வெள்ளை வெளிச்சமாகப் பார்த்து வாங்குங்கள், நீலம் கலந்த வெள்ளையில் மல்லிகை பிளாஸ்டிக் பூ மாதிரி தெரிகிறது, எனக்குப் பிடிக்கவில்லை.

நூல் காட்டன்தான், அரை வெள்ளை. புது மண்டபத்தில் இருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிப்போன கடைகள் பக்கம் போகும்போது விசாரித்துப் பாருங்கள். உல்லன் என்று கடையில் கொடுப்பது பெரும்பாலும் அக்ரிலிக், அது கஞ்சியில் விறைக்காது. ஊசி 2.5 மில்லிமீட்டர்.

பூவுக்கு மேஜிக் ரிங் (வாலை இழுத்தால் சுருங்குகிற நூல் வளையம்) போட்டு அதற்குள் 6 சிங்கிள் குரோஷே, அதாவது குட்டைத் தையல். ரிங்கை இறுக்கி மூடிவிடாமல் ஒரு பல்பு நுழையும் அளவுக்குத் துளை விட்டு, வால் நூலை நன்றாகக் கோர்த்து முடித்துவிடுங்கள். அடுத்த சுற்றில் ஒவ்வொரு தையலிலும் 3 செயின் (சங்கிலித் தையல்), 2 டபுள் குரோஷே (ஊசியில் ஒருமுறை நூலைச் சுற்றிக்கொண்டு போடுகிற உயரத் தையல்), மறுபடி 3 செயின், அதே தையலில் ஸ்லிப் ஸ்டிட்ச் (உயரம் இல்லாமல் இழுத்துச் சேர்க்கும் தையல்), இதுதான் ஒரு இதழ். நான் சொல்வது அமெரிக்கக் கணக்கு, பிரிட்டிஷ் பேட்டர்ன் பார்த்துப் பழகியவர்கள் சிங்கிளை டபுள் என்றும் டபுளை ட்ரெபிள் என்றும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, இனிமேல் சொல்வதுதான் எனக்கு முக்கியம். பல பேர் கம்பியை நூலோடு சேர்த்தே பின்னிவிடுகிறார்கள். பின்னும்போது சுலபம், பார்க்கவும் சுத்தமாக இருக்கும், ஆனால் அந்தக் கம்பி தலைமுடி மாதிரி மெல்லியது, மடங்கி மடங்கி ஒரு இடத்தில் அறுந்தால் அதற்கு அந்தப் பக்கம் உள்ள பல்பு எல்லாம் அணைந்துவிடும், காட்டன் நூலோ வருடக்கணக்கில் உழைக்கும். ராத்திரி ராத்திரியாகக் கண் வலிக்கப் பின்னிய வேலையை ஒரு விளக்குச் சரத்துக்காகப் பிரிக்க முடியுமா? அதனால் கம்பி எப்போது வேண்டுமானாலும் உருவி எடுக்கிற மாதிரி இருக்க வேண்டும். அதற்கு நடுப்பட்டை தனியாகப் பின்ன வேண்டும்: நீளமாகச் சங்கிலி போட்டு, அதன் மேல் ஒரு டபுள் குரோஷே, ஒரு செயின், ஒரு தையல் விட்டு அடுத்த டபுள் குரோஷே என்று போனால் வரிசையாகச் சதுரத் துளை விழும், பாவாடையில் நாடா கோர்ப்பது போலக் கம்பியை அதில் ஏற்றி இறக்கிக் கோர்த்துவிடலாம். 5 மீட்டர் கம்பிக்குப் பட்டை நாலரை மீட்டர் போதும். தொங்கும்போது நூல் இழுபடும், கம்பி இழுபடாது, கம்பி கொஞ்சம் தளர்வாக இருந்தால்தான் பாரம் முழுவதையும் நூல் தாங்கும்.

கம்பியைக் கோர்த்த பிறகு பல்பு எங்கே வந்து நிற்கிறதோ அங்கே பூவைப் பட்டையில் கட்டுங்கள், ஒன்று விட்டு ஒரு பல்புக்கு என்றால் 25 பூ. பூவின் பின்பக்கத்தில் இருந்து பல்பைத் துளைக்குள் தள்ளினால் போதும், பல்பைத் தைக்க வேண்டாம்.

கட்டுவதற்கு முன்னால் பூவுக்குக் கஞ்சி. சுங்குடிச் சேலைக்குக் கஞ்சி போட்டுப் பழகிய வீடுகளில் இதைச் சொல்லித்தரவே வேண்டாம், ஜவ்வரிசியைக் குழையக் காய்ச்சி வடிகட்டி, சேலைக்குப் போடுவதைவிடக் கெட்டியாக வைத்துக்கொண்டு, பூவை முக்கிப் பிழிந்து, பாலித்தீன் சுற்றிய தெர்மாகோலில் இதழ் இதழாகக் குண்டூசி குத்தி நிழலில் காயவிடுங்கள். துருப்பிடிக்காத ஊசியாக இருக்கட்டும். பட்டைக்குக் கஞ்சி கூடாது, அது துவண்டு தொங்கினால்தான் சரம்.

வாசலில் அகல் ஏற்றுகிறவர்கள் சரத்தை நேர் மேலே கட்டாதீர்கள், பருத்தி சட்டென்று பற்றிக்கொள்ளும். டிசம்பரில் நட்சத்திரம் கட்டும் வீடுகளில் அதைச் சுற்றியே இதை வளைத்துவிட்டால் இரண்டும் ஒரே அலங்காரமாகிவிடும்.

பொங்கல் முடிந்து கழற்றும்போது கம்பியை உருவி ஒரு அட்டையில் சுற்றி, செல்லைக் கட்டாயம் வெளியே எடுத்து வையுங்கள், உள்ளேயே விட்டால் கசிந்து முனையெல்லாம் பச்சை பிடித்துவிடும். பூவை வெந்நீரில் ஊறவைத்துக் கஞ்சி போக அலசிவிட்டுத்தான் பெட்டியில் வைக்க வேண்டும், கஞ்சி இருந்தால் பூச்சி நூலோடு சேர்த்து அரித்துவிடும். அடுத்த மார்கழிக்குத் திரும்பவும் கஞ்சி போட்டுக்கொள்ளலாம்.