பைக்குள் விழித்திருக்கும் லேப்டாப்: எழுப்புவது யார், தூங்கவிடாதது யார்?

(காட்சி: நாகர்கோவில் சந்திப்பு, காலை நேரம். தோளில் பையோடு ரயில் ஏறுகிறவர்கள்.)

நாகர்கோவிலில் இருந்து தினமும் ரயிலேறித் திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் நம் மாவட்டத்தில் நிறைய. என் சித்தி மகளும் அப்படித்தான். காலையில் லேப்டாப்பை மூடிப் பையில் வைத்தால், இரணியல், குழித்துறை எல்லாம் தாண்டி ஆபீஸ் போய்த்தான் திறப்பாள்.

ஒரு நாள் வண்டி பாறசாலையை நெருங்கும்போது மடியில் வைத்திருந்த பை சுட்டிருக்கிறது. அம்மா கட்டிக் கொடுத்த டிபன் டப்பாவாக இருக்கும் என்று முதலில் நினைத்தாளாம். திறந்து பார்த்தால் டப்பா எப்போதோ ஆறிவிட்டது. லேப்டாப்பின் அடிப்பக்கம்தான் தோசைக்கல் மாதிரி கொதிக்கிறது. முழு சார்ஜில் எடுத்து வைத்த பேட்டரி 60 சதவீதத்துக்கு வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அதை என்னிடம் கொண்டு வந்தாள். "அண்ணே, இது பைக்குள்ள இருந்தே வேலை பார்க்குது. கடையில கேட்டா விண்டோஸை மாத்திப் போடணும்னு சொல்றாங்க" என்றாள்.

"கொஞ்சம் பொறு மக்ளே. முதல்ல இதுகிட்டயே கேட்போம்" என்றேன்.

உண்மையாகவே கேட்கலாம். தன்னை யார் எழுப்பினார்கள், யார் தூங்கவிடவில்லை என்று விண்டோஸ் குறித்து வைத்துக்கொள்கிறது. எழுப்புவதும் தூங்கவிடாததும் தனித்தனிக் கோளாறுகள். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் எதையெதையோ மாற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போடுகிறார்கள்.

அதற்கு முன்னால், உங்கள் லேப்டாப் எப்படித் தூங்குகிற வகை என்று தெரிய வேண்டும்.

(திரையில்: ஸ்டார்ட் பட்டன் மேல் வலது கிளிக். டெர்மினல் அட்மின்.)

ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்து, அட்மின் என்று போட்டிருக்கும் டெர்மினலைத் திறங்கள். கட்டளைகளைத் தட்டச்சு செய்கிற திரை அது. பவர் என்ற ஆங்கிலச் சொல், இடைவெளி விடாமல் அதோடு சி, எஃப், ஜி. பிறகு ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு, ஏ. என்டர் தட்டுங்கள்.

வருகிற பட்டியலின் மேல்பகுதியில் எஸ் 3 என்று இருந்தால் உங்களுடையது பழைய முறைத் தூக்கம். கணினியின் மின்நிலைகளை வகுத்த ஏசிபிஐ என்ற தரநிலை 1996இல் வந்தது. இந்த எஸ் எண்கள் அதிலிருந்து வந்தவை. எஸ் 3 தூக்கத்தில் பிராசசர் அணைந்துவிடும். திறந்து வைத்த வேலைகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் ரேமில் இருப்பது அழியாமல் இருக்க அதற்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் போகும்.

எஸ் 0 லோ பவர் ஐடில் என்று இருந்தால் அது மாடர்ன் ஸ்டாண்ட்பை. 2015இல் விண்டோஸ் 10உடன் வந்த பெயர் இது. போன் மாதிரிதான்: திரை அணைந்திருக்கும், உள்ளே அவ்வப்போது கண் விழித்து மெயில் வந்ததா, அப்டேட் இருக்கிறதா என்று பார்க்கும். மேஜையில் இருக்கும்போது இது வசதி. காற்றுப் புகாத பையில் வைத்துக்கொண்டு பயணம் போகிறவர்களுக்கு இதுவே தலைவலி.

எஸ் 3 வராத லேப்டாப்பில், விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியை மாற்றி அதை வரவழைக்கலாம் என்று யாராவது சொன்னால் செய்யாதீர்கள். லேப்டாப்பின் உள்ளேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேர் அதற்குத் தயாராக இல்லாவிட்டால், தூங்கிய லேப்டாப் எழுந்திருக்காமலே போகலாம்.

சித்தி மகளுடையது கொஞ்சம் பழசு, எஸ் 3 வகை. அப்படியென்றால் மூடியதும் தூங்கியிருக்க வேண்டும். பிறகு ஏன் பைக்குள் விழித்திருந்தது?

(திரையில்: பவர்சிஎஃப்ஜி, சாய்கோடு, லாஸ்ட்வேக்.)

லேப்டாப்பைத் தூங்க வைத்தோம். அது தானாக விழித்ததும் இந்தக் கட்டளையைக் கொடுத்தோம். கடைசியாக எழுப்பியது எது என்று சொல்கிற கட்டளை இது. பவர் பட்டன் என்று வந்தால் எழுப்பியது நீங்கள்தான். எங்களுக்கு மவுஸ் என்று வந்தது.

வயர்லெஸ் மவுஸ். ரிசீவரை யுஎஸ்பி துளையிலிருந்து கழற்றாமல், மவுஸின் ஸ்விட்சையும் அணைக்காமல், அதே பைக்குள் போட்டு வைத்திருக்கிறாள். ரயில் குலுங்கும்போதெல்லாம் மவுஸ் உருளும், டிபன் டப்பா அதன் பட்டனில் இடிக்கும். அந்த ஒவ்வொரு இடியும் லேப்டாப்புக்கு "எழுந்திரு" என்கிற கட்டளை.

இதற்கு, லேப்டாப்பின் சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் மவுஸின் ப்ராப்பர்டீஸைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், கணினியை எழுப்ப இந்தச் சாதனத்துக்கு அனுமதி தருகிற டிக்கை எடுத்துவிட்டோம். எழுப்பும் உரிமை வேறு எதற்கெல்லாம் இருக்கிறது என்று பார்க்கவும் ஒரு கட்டளை உண்டு: பவர்சிஎஃப்ஜி, சாய்கோடு, டிவைஸ்க்வெரி, இடைவெளி, வேக் அண்டர்ஸ்கோர் ஆர்ம்டு. கீபோர்டை விட்டுவிடுங்கள். நெட்வொர்க் கார்டு பட்டியலில் இருந்து, உங்களுக்கு அது தேவையில்லை என்றால் அதற்கும் டிக்கை எடுத்துவிடலாம்.

சரி, மவுஸ்தான் எழுப்பியது. ஆனால் அதோடு கதை முடியவில்லை. இப்படி ஆள் இல்லாமல் விழித்த லேப்டாப், யாரும் தொடாவிட்டால் சில நிமிடங்களில் தானே திரும்பத் தூங்கிவிட வேண்டும். வழக்கமாக அதற்கு 2 நிமிடம். இது ஒன்றரை மணி நேரம் விழித்திருந்திருக்கிறது. எழுப்பியது ஒன்று என்றால், தூங்கவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இன்னொன்று.

(திரையில்: பவர்சிஎஃப்ஜி, சாய்கோடு, ரிக்வெஸ்ட்ஸ்.)

இந்தத் திரையைக் கொஞ்சம் உன்னிப்பாகப் பாருங்கள். டிஸ்ப்ளே, சிஸ்டம், அவேமோட், எக்ஸிக்யூஷன் என்று வரிசையாகத் தலைப்புகள். ஒவ்வொன்றின் கீழும் "நன்" என்று இருந்தால் யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. எங்களுக்கு சிஸ்டத்தின் கீழே மட்டும், ஒலியைக் கையாளும் மென்பொருளான ஆடியோ டிரைவரின் பெயர் இருந்தது. அதற்கும் கீழே ஒரு வரி: ஒலி ஓடிக்கொண்டிருக்கிறது என்று.

அறையில் ஒரு சத்தமும் இல்லை. பிரவுசரைத் திறந்து பார்த்தால் நாற்பதுக்கு மேல் டேப். அதில் ஒன்று முந்தின நாள் முடிந்துபோன ஆன்லைன் மீட்டிங். அழைப்பைத் துண்டித்தவள் டேபை மூடவில்லை. அந்தப் பக்கம் ஒலிப்பாதையை விடாமல் திறந்தே வைத்திருந்தது. டேபை மூடிவிட்டு அதே கட்டளையை மறுபடி கொடுத்தோம். சிஸ்டத்தின் கீழும் "நன்" வந்துவிட்டது.

ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். நீங்களே லேப்டாப்பை மூடினாலோ ஸ்லீப் கொடுத்தாலோ இந்தக் கோரிக்கைகள் தடுக்காது. தானாகத் தூங்க வேண்டிய நேரத்தில்தான் குறுக்கே நிற்கும். அதனால்தான் அவள் வீட்டில் மூடியபோது லேப்டாப் ஒழுங்காகத் தூங்கியது. வழியில் மவுஸ் எழுப்பியதும் டேப் பிடித்துக்கொண்டது. ஒன்று மட்டும் இருந்திருந்தால் இவ்வளவு சூடு வந்திருக்காது.

நடு ராத்திரியில் தானாக எழுகிற லேப்டாப் என்றால் பவர்சிஎஃப்ஜி, சாய்கோடு, வேக்டைமர்ஸ் என்ற கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். எந்த வேலை அலாரம் வைத்திருக்கிறது என்று காட்டும். பவர் ஆப்ஷன்ஸின் அட்வான்ஸ்டு பகுதியில், ஸ்லீப்பின் கீழ், வேக் டைமரை அணைத்துவிடலாம்.

மாடர்ன் ஸ்டாண்ட்பை வைத்திருப்பவர்களுக்கு லாஸ்ட்வேக் பெரும்பாலும் உதவாது. பவர்சிஎஃப்ஜி, சாய்கோடு, ஸ்லீப்ஸ்டடி என்று கொடுங்கள். பிரவுசரில் திறக்கிற ஓர் அறிக்கை கிடைக்கும். கடந்த 3 நாளில் எப்போது தூங்கியது, ஒவ்வொரு தூக்கத்திலும் எவ்வளவு சார்ஜ் போனது, அதிகம் விழித்திருக்க வைத்தது எது என்று அதில் இருக்கும்.

அப்புறம், எந்த வகை லேப்டாப்பாக இருந்தாலும் பையில் வைத்துப் பயணம் போகிறவர்களுக்கு நான் உறுதியாகச் சொல்வது ஹைபர்னேட். ரேமில் இருப்பதை எல்லாம் டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு லேப்டாப் அடியோடு அணைந்துவிடும். திறக்கும்போது ஸ்லீப்பை விடக் கொஞ்சம் நேரம் ஆகும். ஆனால் எல்லாம் விட்ட இடத்திலேயே இருக்கும். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் நம்முடையது. மழைக்காலத்தில் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று தெரியாது. பேட்டரி சுத்தமாகத் தீர்ந்தாலும் ஹைபர்னேட்டில் இருக்கிற வேலை அழியாது.

(திரையில்: கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ்.)

மூடினால் என்ன ஆக வேண்டும் என்று கேட்கிற இணைப்பு இடது பக்கம் இருக்கிறது. அதில் பேட்டரியில் ஓடும்போது என்கிற கட்டத்தில் ஹைபர்னேட்டைத் தேர்ந்தெடுத்துச் சேவ் செய்யுங்கள். ஹைபர்னேட்டே பட்டியலில் இல்லையென்றால் டெர்மினலில் பவர்சிஎஃப்ஜி, சாய்கோடு, ஹைபர்னேட், இடைவெளி, ஆன் என்று கொடுத்துவிட்டுத் திரும்ப வந்து பாருங்கள். காலையில் சார்ஜர் ஒயரைக் கழற்றிய பிறகு மூடுங்கள். ஒயரோடு மூடினால் மின்இணைப்பில் ஓடும்போதைய அமைப்புதான் வேலை செய்யும்.

திங்கட்கிழமை காலை ரயிலில் இருந்து அவள் போன் செய்தாள். பாறசாலை தாண்டியாயிற்றாம். பைக்குள் கை விட்டுப் பார்த்திருக்கிறாள். டிபன் டப்பாதான் சூடாக இருந்ததாம்.