கிடப்பில் போட்ட மனு

நண்பர்களே, வரும் தலைமுறைகளுக்கான நீதி பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் ஒரு நண்பர் கேட்டார்: "இன்றைக்கு இருப்பவனுக்கே நியாயம் கிடைக்கவில்லை, பிறக்காதவனுக்கு என்ன அவசரம்?" கேட்க வேண்டிய கேள்விதான். பதிலுக்கு ஒரு கதை சொல்கிறேன், நடந்த கதை.

1688ஆம் ஆண்டு. இன்றைய அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஜெர்மன்டவுன் என்ற சின்ன ஊர். குவேக்கர் என்ற கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த நான்கு பேர் ஒரு மனு எழுதினார்கள். உனக்குப் பிறர் எதைச் செய்ய விரும்புகிறாயோ அதையே நீயும் பிறருக்குச் செய் என்கிறோமே, பிறகு மனிதனை விலைக்கு வாங்குவது எப்படிச் சரியாகும்? இதுதான் அவர்கள் கேட்டது. அரசாங்கத்திடம் அல்ல, சொந்தச் சபையிடம். மாதக் கூட்டம், இது பெரிய விஷயம் என்று காலாண்டுக் கூட்டத்துக்குத் தள்ளியது. அது ஆண்டுக் கூட்டத்துக்குத் தள்ளியது. அங்கே கிடப்பில் போட்டார்கள். கமிட்டிகள் எந்தக் காலத்திலும் ஒரே மாதிரிதான்!

அடிமை வைத்திருப்பவருக்குச் சபையில் இடமில்லை என்று அதே ஆண்டுக் கூட்டம் முடிவெடுத்தது 1776இல். 88 வருடம் கழித்து. நால்வரில் ஒருவரும் அப்போது உயிரோடு இல்லை. மனு எழுதிய தாளையே மறந்துபோய், 1844இல்தான் கண்டெடுத்தார்கள். நாடு முழுவதும் அடிமைமுறை ஒழிய 1865 ஆனது.

பலனைக் கண்ணால் காணமாட்டோம் என்று தெரிந்தே ஒரு வேலையில் இறங்குவதைத்தான் நான் விசுவாசம் என்பேன். உலக முடிவே வந்தாலும், கையில் மரக்கன்று இருந்து நட முடியுமானால் நட்டுவிடுங்கள் என்று ஒரு நபிமொழி உண்டு. பழம் யாருக்கு என்ற கணக்கே அதில் இல்லை. இதே விசுவாசத்தைச் சாக்காக்கி, "எல்லாம் மேலே இருப்பவன் பார்த்துக்கொள்வான்" என்று காலை நீட்டிப் படுப்பவர்களும் உண்டு. அது பக்தி இல்லை, சோம்பல்.

அப்புறம், வரும் தலைமுறைக்கு நியாயம் செய்வது தர்மம் செய்கிற விஷயமும் இல்லை. பிலிப்பைன்ஸில் மரம் வெட்டும் உரிமங்களை ரத்துசெய்யக் கோரிச் சிறுவர்கள், பெற்றோர் மூலமாக, வழக்குப் போட்டார்கள். தங்களுக்காக மட்டுமல்ல, இனிப் பிறக்கப்போகிறவர்களுக்காகவும். கீழ்க்கோர்ட் தள்ளுபடி செய்தது. 1993இல் உச்ச நீதிமன்றம், பிறக்கப்போகிறவர்கள் சார்பில் வழக்காட இந்தச் சிறுவர்களுக்கு உரிமை உண்டு என்றது. உரிமங்கள் அந்தத் தீர்ப்போடு ரத்தாகிவிடவில்லை. ஆனால் பிறக்காதவனும் வழக்கில் ஒரு கட்சிக்காரன்தான் என்று ஒரு கோர்ட் ஒப்புக்கொண்டது. கட்சிக்காரனுக்குப் போடுவது பிச்சை அல்ல, அவனுக்குச் சேர வேண்டிய பங்கு.

நம் கோயில் நிர்வாகத்தில், சபையில், ஜமாஅத்தில் இப்படிக் கிடப்பில் கிடக்கும் மனு எது என்று வீட்டுக்குப் போய் யோசித்துப் பாருங்கள். நான் இருக்கும் கமிட்டியில் இரண்டு கிடக்கின்றன. ஒன்றை, அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்று தள்ளிவைத்ததே நான்தான்.