பாதி உப்புக் கடல், மலிவு விலைக் கோடை: பல்கேரியா போகலாமா?

[திரை: வரிசையாகக் குடைகள் நடப்பட்ட மணல், பின்னால் ஹோட்டல்கள்]

பல்கேரியாவின் கருங்கடலில் குளிக்கும்போது தவறிப்போய் ஒரு வாய் தண்ணீர் உள்ளே போனால் பாதி முகம்தான் சுளிப்பீர்கள், ஏனென்றால் உப்பே பாதிதான். காரணம் வருகிறது, அதற்குள் வீடியோவை ஓட்டிவிடாதீர்கள். முதலில் காசு விஷயம்.

லண்டன், பாரிஸ், ஸ்விஸ் பக்கம் இருக்கும் நம் ஆட்கள் ஆகஸ்ட் வந்தால் கிரீஸ், ஸ்பெயின் விலையைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விடுவது வழக்கம். கொஞ்சம் கிழக்கே தள்ளிப் பாருங்கள். பல்கேரியாவின் கருங்கடல் கரை. வடக்கே வர்ணா, தெற்கே புர்காஸ், இரண்டிலும் விமான நிலையம். 2025 ஜனவரியிலிருந்து முழு ஷெங்கன் (உள் எல்லைகளில் பாஸ்போர்ட் சோதனை இல்லாத ஐரோப்பிய வட்டாரம்), 2026 ஜனவரி 1 முதல் யூரோ. வரலாறு அவ்வளவு போதும்.

ஒரு சின்னத் தந்திரம்: பழைய வீடியோக்களில் விலையை லெவ், அதாவது பல்கேரியாவின் பழைய நாணயக் கணக்கில் சொல்லியிருப்பார்கள். ஒரு யூரோவுக்கு 1.95583 லெவ், அதாவது கண்ணை மூடிக்கொண்டு பாதியாக்குங்கள், அப்புறம் விலைவாசி ஏறியதற்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

மலிவு ஏன்? ஐரோப்பிய ஒன்றியத்திலேயே சம்பளம் மிகக் குறைவான நாடுகளில் ஒன்று. போதாததற்கு, 1950களின் கடைசியில் சோஷலிச அரசு தொடங்கிவைத்த 'சன்னி பீச்' மாதிரி இடங்களில் இன்று ஹோட்டல் மேல் ஹோட்டல், அறைகளை நிரப்பியாக வேண்டும். ஆனால் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு நான் சன்னி பீச்சைச் சொல்ல மாட்டேன், விடிய விடியப் பாட்டுச் சத்தம். பக்கத்திலேயே யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் பழைய நெசெபர், அல்லது தெற்கே சோசோபோல். என் கட்சி செப்டம்பர்: பள்ளிக்கூடம் திறந்துவிடும், கூட்டம் குறையும், அறை வாடகை இறங்கும், கோடை முழுக்கக் காய்ந்த தண்ணீரில் வெதுவெதுப்பு அப்படியே இருக்கும். குடைக்கும் படுக்கைக்கும் பெரும்பாலும் வாடகை உண்டு. குடை போடாத பகுதியில் துண்டை விரித்தால் காசு இல்லை.

[திரை: வரைபடம், பாஸ்பரஸ் நீரிணை பெரிதாகிறது]

இப்போது உப்பு. டான்யூப், நீப்பர் என்று பெரிய ஆறுகள் எல்லாம் நல்ல தண்ணீரை இங்கே கொட்டுகின்றன. வெளியே போக ஒரே வாசல், இஸ்தான்புல்லைப் பிளந்து ஓடும் பாஸ்பரஸ், சில இடங்களில் ஒரு கிலோமீட்டர்கூட அகலம் இல்லை. அதில் மேலே உப்புக் குறைந்த தண்ணீர் வெளியே ஓட, அடியில் கனத்த உப்புத் தண்ணீர் உள்ளே வருகிறது, ஒரே கால்வாயில் இருவழிப் போக்குவரத்து! உள்ளே வந்த கனத் தண்ணீர் அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது, மேலே இருப்பது லேசானது, இரண்டும் அவ்வளவாகக் கலப்பதில்லை. மேல்தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 18 கிராம் உப்பு, பெருங்கடலில் 35.

கலக்காததால் கீழே காற்று போகாது. சுமார் 150, 200 மீட்டருக்குக் கீழே ஆக்ஸிஜனே இல்லை, அழுகின முட்டை நாற்றம் அடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடுதான். மீன் இல்லை, மரத்தைத் துளைத்துத் தின்னும் புழுவும் இல்லை. அதனால் என்ன ஆச்சு தெரியுமா? 2018இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள்: பல்கேரியக் கரைக்கு அப்பால், 2 கிலோமீட்டருக்கும் மேல் ஆழத்தில், சுமார் 2,400 வருடத்துக்கு முந்தைய கிரேக்கக் கப்பல். பாய்மரம், சுக்கான், துடுப்புப் போடுகிறவர்கள் உட்காரும் பலகை எல்லாம் அப்படியே! நம் வீட்டு மரக்கதவை நாலு வருடத்தில் கரையான் அரித்துவிடுகிறது.

பயப்படாதீர்கள், நீங்கள் குளிப்பது மேலே, அங்கே எல்லாம் நலம். ஓதமும் (கடல் ஏறி இறங்குவது) சில சென்டிமீட்டர்தான், கரையில் வைத்த செருப்பு மாலை வரை அங்கேயே இருக்கும். ஆனால் காற்றடிக்கும் நாளில் உள்ளே இழுக்கும் நீரோட்டம் உண்டு, சிவப்புக் கொடி பறந்தால் இறங்காதீர்கள்.

சாப்பாடு: நெத்திலி மாதிரி மொறுமொறுவென்று பொரித்துத் தரும் 'சாச்சா'. தயிரில் வெள்ளரிக்காய், பூண்டு, அக்ரூட் போட்ட 'தாராதோர்', குளிரக் குளிர ஒரு பச்சடியைக் கிண்ணத்தோடு குடிப்பது போல.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. பல்கேரியர்கள் 'ஆமாம்' என்றால் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவார்கள், 'இல்லை' என்றால் மேலே அசைப்பார்கள். நாமோ எதற்கும் ஒரே மாதிரி ஆட்டுகிறவர்கள். சாச்சா இருக்கிறதா என்று நீங்கள் கேட்க, அவர் ஆட்ட, பதிலுக்கு நீங்கள் ஆட்ட, தட்டு தட்டாக வந்துகொண்டே இருக்கும். 'டா' என்றால் ஆமாம், 'நே' என்றால் இல்லை, வாயால் சொல்லிவிடுங்கள்.

போய்வந்தவர்கள் அறைக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கமெண்டில் போடுங்கள், எந்த ஊர், எந்த மாதம் என்பதோடு.