ஒற்றைக் காதோடு நெப்டியூன் வரைக்கும்

(மலேசியாவின் சுங்கை சிப்பூட் கோயில் மண்டபத்தில் பேசியது)

மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, ஈப்போவிலிருந்து வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் டத்தோ அவர்களே, மண்டபத்துக்கு வாடகை வாங்காத கோயில் தலைவர் அவர்களே, தலைமையாசிரியை அவர்களே, பின்கட்டில் மீ கோரெங் பிரட்டிக்கொண்டிருக்கும் தாய்மார்களே! யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன வருடம் விட்டுப்போன ஒருவர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

மூன்று செய்தி சொல்ல வந்தேன். அமெரிக்காவின் நாசா அனுப்பிய வாயேஜர் விண்கலங்கள் போன வழி, அவை பார்த்த நிலவுகள், அவற்றுக்கு வந்த கோளாறு. கோளாறிலிருந்தே தொடங்குகிறேன்.

வாயேஜர் 2 கிளம்பியது 1977 ஆகஸ்ட் 20. அதன் கணினிகளின் நினைவகம் மொத்தமும் சுமார் 70 கிலோபைட். நம் கைப்பேசிப் படம் ஒன்றுகூட அதில் அடங்காது. சரி, சிறு துரும்பும் பல் குத்த உதவும்.

முன்பு தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலையாட்களைக் கூட்டிக் கணக்கெடுக்க, தண்டவாளத் துண்டைத் தட்டுவார்கள். ஒருநாள் தட்டுகிற ஆள் தூங்கிவிட்டார். என் தாத்தா எழுந்து உட்கார்ந்து, "மணி கேட்கலையே, என் காது போச்சு" என்று பாட்டியிடம் அழாத குறை. பாட்டி நல்லெண்ணெயைக் காய்ச்சி இரண்டு காதிலும் விட்டுப் பஞ்சை அடைத்தார். அப்புறம் தோட்டத்துக் கணக்கர் கிராணி வாசலில் நின்று கத்தினார். அதுவும் கேட்கவில்லை! அரைநாள் சம்பளம் போனது.

1978 ஏப்ரலில் விண்கலமும் இதையேதான் செய்தது. வழக்கமாகப் போக வேண்டிய கட்டளையை நாசாக்காரர்கள் அனுப்ப மறந்துவிட்டார்கள். பூமியின் சத்தம் இல்லையென்றதும் தன் காதுதான் கெட்டது என்று நினைத்து மாற்றுக் காதுக்கு, அதாவது பூமியின் சமிக்ஞையை வாங்கும் இரண்டாவது கருவிக்கு, மாறியது. அதிலோ ஒரு மின்தேக்கி பழுது. அலைவரிசை கொஞ்சம் நகர்ந்தாலும் பிடிக்காது. பழைய காதுக்கே திரும்பியது. அரை மணி நேரத்தில் அது ஒரேயடியாகச் செத்தது. ஒரு வாரம் காத்திருந்தார்கள். விண்கலம் மறுபடி மாற்றுக் காதுக்கு வந்ததும், பூமி சுற்றுவதையும் விண்கலத்தின் வேகத்தையும் கணக்கிட்டு, அதற்குக் கேட்கும் சுருதியில் பேசினார்கள். அந்த அரைக்காதோடுதான் 1986இல் யுரேனஸ், 1989இல் நெப்டியூன். அந்த இரண்டு கோளுக்கும் இன்றுவரை வேறு எந்த விண்கலமும் போனதில்லை.

நிலவுகளுக்கு நேரமில்லை, டத்தோ கடிகாரத்தைப் பார்க்கிறார்.

வாயேஜரில் ஒரு தங்கத்தட்டு, அதாவது தங்க முலாம் பூசிய இசைத்தட்டு, இருக்கிறது. 55 மொழிகளில் வணக்கம். தெலுங்கு உண்டு, கன்னடம் உண்டு, சிங்களம் உண்டு. தமிழ்? இல்லை! விண்வெளியில் விட்டதை இனிப் பிடிக்க முடியாது. நம் தமிழ்ப்பள்ளியையும் விட்டுவிடலாமா? வருடாவருடம் பிள்ளைகள் குறைகிறார்கள். "அந்தச் சின்னப் பள்ளியா?" என்று முகம் சுளிக்கிறீர்கள். 70 கிலோபைட்டை நினையுங்கள். சிறு துரும்பும் பல் குத்த உதவும் ஐயா!

முதலாம் ஆண்டுப் பதிவு இணையத்தில்தான். போடத் தெரியாதவர்களுக்காக இரண்டு ஆசிரியர்கள் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தோடு போங்கள். மீ கோரெங் அதற்கு அப்புறம்.