கரண்டிக்கும் ஒரு நிறம் வேண்டும்

மதிப்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே, எத்தனையோ வேலைக்கிடையில் நேரம் ஒதுக்கி வந்திருக்கும் ஓய்வுபெற்ற நீதிபதி ஐயா அவர்களே, எனக்குப் பிறகு பேசவிருக்கும் மருத்துவர் அம்மா அவர்களே, சமையற்கலைக் கல்லூரி முதல்வர் அவர்களே, அரங்கைத் தந்து உதவிய நல்ல உள்ளங்களே, இரைந்துகொண்டிருந்த ஒலிபெருக்கியை அடக்கி வைத்த தம்பி அவர்களே, எல்லோருக்கும் வணக்கம். முதல்வர் ஐயாவுக்கு மட்டும் இன்னொரு வணக்கம். அவரிடம் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, வெளியில் சாப்பிடும் சைவர். மூன்று விஷயம் பேசப்போகிறேன். ஓட்டலில் எப்படிக் கேட்டுச் சாப்பிடுவது என்பது முதலாவது. அசைவம் சாப்பிடும் நண்பர்களோடு ஒரே மேசையில் எப்படிப் பகிர்ந்து உண்பது என்பது இரண்டாவது. சாப்பிட்டு முடித்ததும் பில்லை எப்படிப் பிரிப்பது என்பது மூன்றாவது. மூன்றாவதுதான் பல நட்புகளை உடைத்திருக்கிறது.

அதற்கு முன் ஒன்று. சைவ உணவகம் என்பதே இந்தக் காலத்து மோகம் என்று தலைவர் அவர்கள் தம் உரையில் சொன்னார்கள். தலைவர் கோபிக்கக்கூடாது. சுவிட்சர்லாந்தில் சூரிக் நகரத்தில் ஹில்டல் என்ற சைவ உணவகம் 1898 முதல் நடக்கிறது. உலகிலேயே மிகப் பழைய சைவ உணவகம் என்று கின்னஸ்காரர்கள் அதைப் பதிந்து வைத்திருக்கிறார்கள். தலைவர் சொன்ன மற்ற எல்லாவற்றையும் நான் அப்படியே ஏற்றுக்கொள்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். சாட்சிக்காரன் காலில் விழுவதைவிட சண்டைக்காரன் காலில் விழுவது மேல் என்று ஒரு பழமொழி உண்டு. வெளியில் சாப்பிடும் சைவருக்கு வேதமே அதுதான். ஓட்டலில் சாட்சிக்காரர் சர்வர். சண்டைக்காரர் உள்ளே அடுப்படியில் நிற்கிற மாஸ்டர்.

என் நண்பர் ஒருவர் அலுவலக விருந்துக்குப் போனார். பெரிய ஓட்டல், பெயர் வேண்டாம். நீளமான மேசை, நண்பரைத் தவிர எல்லோரும் அசைவம். முதலில் சூப் வந்தது. மெனு கார்டில் ‘காய்கறி சூப்’ என்று அச்சிட்டிருக்கிறது. நண்பர் விடுவாரா? சர்வரைக் கூப்பிட்டு, ‘தம்பி, இது சைவம்தானே?’ என்றார். ‘காய்கறி சூப் சார்’ என்றார் அவர். ‘அது தெரியும், உள்ளே வேறு என்ன இருக்கிறது?’ ‘கேரட் இருக்கு, பீன்ஸ் இருக்கு சார்.’ நண்பர் விடவில்லை. சூப்பர்வைசர் வந்தார். ‘நூறு சதவீதம் சைவம் சார், நான் கேரண்டி’ என்றார். அப்புறம் கோட்டு போட்ட மேனேஜர் வந்தார். கிண்ணத்தை எட்டிப் பார்த்தார். ஒரு ஸ்பூன் எடுத்து முகர்ந்தார். ‘சார், இந்தச் சூப்பில் ஒரு துண்டு கறி இருந்தால் இன்றைய விருந்துக்கு நீங்கள் பணமே தர வேண்டாம்’ என்று சவால் விட்டார். மேசையில் எல்லோரும் கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு இவர் முகத்தையே பார்க்கிறார்கள். அதிகாரி ஒருவர், ‘குடிச்சுத் தொலையேன்யா’ என்று பல்லைக் கடித்தார்.

நண்பர் எழுந்தார். கிண்ணத்தைக் கையில் ஏந்திக்கொண்டு சமையலறைக் கதவை நோக்கி நடந்தார். பின்னால் மேனேஜர், அவர் பின்னால் சூப்பர்வைசர், அவர் பின்னால் சர்வர். ஊர்வலம்! கதவைத் திறந்தால் வேர்த்து வழிய மாஸ்டர் நிற்கிறார். ‘மாஸ்டர், இதில் என்ன போட்டீர்கள்?’ மாஸ்டர் பெருமையாகச் சொன்னார்: ‘காய்கறி மட்டும்தான் சார். வேற எதுவும் போடறதே இல்லை. தண்ணிக்குப் பதிலா எலும்பு வேகவெச்ச சாறு ஊத்துவோம். அதான் அந்த ருசி!’

சிரிக்கிறீர்கள். மேனேஜர் சொன்னதில் பொய் இருக்கிறதா? ஒரு துண்டு கறி இல்லை. சாட்சிகள் அத்தனை பேரும் தங்களுக்குத் தெரிந்த உண்மையைத்தான் சொன்னார்கள். தெரிந்தது அவ்வளவுதான். இதைத்தான் சாட்சிக்காரன், சண்டைக்காரன் என்று பெரியவர்கள் அன்றே சொல்லிவைத்தார்கள்.

கதை முடியவில்லை. மாஸ்டர் நல்ல மனிதர். ‘கால் மணி நேரம் கொடுங்க சார்’ என்று, தனிச் சட்டியில், புது எண்ணெயில், இவருக்கென்றே ஒரு காய்கறி வறுவல் செய்து அனுப்பினார். மணம் மேசையைத் தூக்கியது. மேசைக்கு வந்ததும் என்ன நடந்தது? ‘அட, நல்லா இருக்கே’ என்று பக்கத்தில் இருந்தவர் ஒரு கரண்டி எடுத்தார். எந்தக் கரண்டியால்? கறிக் குழம்பில் கிடந்த கரண்டியால்! அந்த ஈரத்தோடு வறுவலில் ஒரு போடு. அவ்வளவு போராட்டமும் ஒரு நொடியில் போயிற்று. நண்பர் அன்று ரொட்டியும் வெண்ணெயும் சாப்பிட்டு வீடு வந்தார். இந்தக் கரண்டியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவேன்.

சூப்பைப் பற்றிக் கேட்பது அநாகரிகம் என்று நினைப்பது பழைய நோய். காந்தி லண்டனில் மாணவராக இருந்தபோது நண்பர் ஒருவர் அவரை ஹோல்பர்ன் உணவகத்துக்கு விருந்துக்கு அழைத்துப் போனார். முதலில் சூப் வந்தது. அது எதில் செய்தது என்று கேட்க காந்தி பரிசாரகரைக் கூப்பிட்டார். நாகரிகம் தெரியாதவர் என்று நண்பருக்குக் கோபம். வேறு எங்காவது போய்ச் சாப்பிட்டுவிட்டு வெளியே காத்திரு என்றார். காந்தி சந்தோஷமாக எழுந்து போனார். பக்கத்தில் ஒரு சைவ உணவகம் இருந்தது, ஆனால் பூட்டியிருந்தது. அன்று இரவு பட்டினி. அப்புறம் அதே நண்பரோடு நாடகம் பார்க்கவும் போனார். நட்பு முறியவில்லை. நீதிபதி ஐயா தலையசைக்கிறார்கள். அவர்களுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

பெயரைப் பார்த்தும் ஏமாறக்கூடாது. பாலாடைக்கட்டி பாலில் செய்வதுதானே என்பார்கள். பாலை உறையவைக்கும் ரென்னட் என்ற பொருள், பால்குடி மறவாத கன்றின் இரைப்பையிலிருந்து எடுப்பதாக இருக்கலாம். பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற அசல் இத்தாலியப் பாலாடைக்கட்டிக்கு அதுதான் விதி. நுண்ணுயிரிலிருந்து எடுக்கும் ரென்னட்டில் செய்த கட்டிகளும் கிடைக்கின்றன, கேட்டு வாங்கலாம். மெத்தென்று வாயில் கரையும் மிட்டாயில் ஜெலட்டின் இருக்கலாம். அது விலங்குகளின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுப்பது. சிவப்பு நிறமிகளில் இ-120 என்பது ஒரு பூச்சியிலிருந்து வருவது.

மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் 1990-இல் அமெரிக்காவில் உருளைக்கிழங்கு வறுவலுக்கு மாட்டுக் கொழுப்பை விட்டுத் தாவர எண்ணெய்க்கு மாறியதாக அறிவித்தது. ஆனால் வறுவலில் மாட்டிறைச்சிச் சுவையூட்டி தொடர்ந்தது. 2001-இல் வழக்கு வந்தது. 2002-இல் ஒரு கோடி டாலர் தர ஒப்புக்கொண்டார்கள், மன்னிப்பும் கேட்டார்கள். எண்ணெயைப் பற்றிச் சொன்னது உண்மை, சுவையைப் பற்றிச் சொல்லவில்லை. மறுபடியும் சாட்சிக்காரன்தான்.

விமானத்தில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சைவம் என்று மட்டும் சொல்லாதீர்கள், விமான நிறுவனங்களின் உணவுக் குறியீட்டையும் சொல்லுங்கள். ஏ.வி.எம்.எல். என்றால் ஆசியச் சைவம், வி.எல்.எம்.எல். என்றால் முட்டையும் பாலும் உண்டு, வி.ஜி.எம்.எல். என்றால் பாலும் கிடையாது. பயணத்துக்கு ஒரு நாளாவது முன்பே சொல்லிவிட வேண்டும்.

இனி கரண்டி. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள், புரிகிறது. பகிர்ந்து உண்பதில் எனக்கு எந்தத் தடையும் இல்லை. பக்கத்துத் தட்டைப் பார்த்து முகம் சுளிக்கிற சைவர்களோடு உட்கார எனக்கே பிடிக்காது. அவர் அவர் உணவைச் சாப்பிடட்டும், நாம் நம் உணவைச் சாப்பிடுவோம். ஒரு மேசை, ஒரு பேச்சு, ஒரு சிரிப்பு. ஆனால் ஒரு கரண்டி கூடாது! பஃபே வரிசைகளைப் பாருங்கள். சைவச் சட்டிகளையும் அசைவச் சட்டிகளையும் மாற்றி மாற்றி வைக்கிறார்கள். கூட்டம் நெருக்கும்போது எந்தக் கரண்டி எதில் விழும் என்று யாருக்குத் தெரியும்? சைவத்தை வரிசையின் தொடக்கத்தில் வைத்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

முதல்வர் ஐயா, இங்கேதான் உங்கள் தயவு வேண்டும். உங்கள் தொழிலில் வெட்டும் பலகைக்கு நிறம் இருக்கிறது. பல நாடுகளில் வேகாத இறைச்சிக்குச் சிவப்பு, மீனுக்கு நீலம், காய்க்கும் பழத்துக்கும் பச்சை என்று பழக்குகிறார்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கிருமி போகக்கூடாது என்பதற்காக. உள்ளே பலகைக்குக் கொடுத்த மரியாதையை வெளியே மேசையில் இருக்கும் கரண்டிக்கும் கொடுங்கள் என்கிறேன். சைவச் சட்டியின் கரண்டிக்குப் பச்சைக் கைப்பிடி. செலவு என்ன? ஒரு சுற்று நாடா! உங்கள் மாணவர்கள் படிக்கும்போதே பழகிவிட்டால், நாளைக்கு எந்த ஓட்டலில் மாஸ்டராக நின்றாலும் கை தானாக அந்தக் கரண்டியைத்தான் தேடும். சண்டைக்காரர்களை உருவாக்குகிறவரே மேடையில் இருக்கும்போது நான் எதற்காகச் சாட்சிக்காரர்களிடம் கெஞ்ச வேண்டும்?

நட்சத்திர ஓட்டலில் மட்டும் போதாது. அலுவலக விருந்து, மருத்துவமனை உணவகம், மாணவர் விடுதி, எல்லா இடத்திலும் வேண்டும். மருத்துவர் அம்மாவும் தம் உரையில் இதை ஒரு வரி ஆதரித்தால் நன்றாக இருக்கும். விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறோம். பின்வாசல் அருகே நிற்கும் தம்பியிடம் இருக்கிறது. சைவர்கள் மட்டும் அல்ல, அசைவ நண்பர்களும் கையெழுத்துப் போட வேண்டும். உங்கள் கையெழுத்துக்குத்தான் மதிப்பு அதிகம்.

துண்டுச் சீட்டு வந்துவிட்டது. தலைவர் எழுத்து அழகாக இருக்கிறது, ‘முடிக்கவும்’ என்று எழுதியிருக்கிறார்கள். பில்லைப் பிரிப்பது பற்றி இன்னொரு மேடையில் பேசுகிறேன். கூட்டம் முடிந்ததும் பக்கத்துக் கூடத்தில் சாப்பாடு. இடப்பக்கம் இருக்கும் சட்டிகளின் கரண்டிகளில் பச்சை நாடா சுற்றச் சொல்லியிருக்கிறேன். நாடாவை யாரும் பிரித்துவிட வேண்டாம். நன்றி, வணக்கம்.